மீனவரைத் தள்ளிவைத்தால் கடல் தேறாது

2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கடற்கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. நீலாங்கரை, பெசன்ட் நகர், கோவளம் என்று காலையில் நடக்கப் போனவர்கள் எல்லாரும் அவற்றைப் பார்த்தார்கள். தண்ணீருக்குள் மூச்சுமுட்டிச் செத்ததற்கான அடையாளங்கள் கூறாய்வில் தெரிந்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. படங்கள் கைபேசிக்குக் கைபேசி பரவின. தீர்ப்பாயம் விசாரித்து முடிப்பதற்குள் ஊர் தன் தீர்ப்பை எழுதிவிட்டது: கொல்வது மீனவர்கள், அவர்களுக்கு மீனைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது, கடுமையான சட்டம் போட்டு அவர்களைத் தள்ளி நிறுத்தினால் கடல் தானே தேறிவிடும், மிச்சத்தை விழிப்புணர்வு பார்த்துக்கொள்ளும்.

இது புதிய தீர்ப்பு இல்லை. ஆவுளியா எனும் கடற்பசு செத்துக் கரை ஒதுங்கினாலும், கடல் அட்டை மூட்டை பிடிபட்டாலும், பவளப்பாறை வெளுத்தாலும் இதையேதான் சொல்கிறோம். சொல்பவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. கடல்மீது உண்மையான பரிவு உள்ளவர்கள்தான் சொல்கிறார்கள். அந்தப் பரிவு தவறான ஆள்மீது கோபமாகத் திரும்பினால் ஆமைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அதனால் இந்தத் தீர்ப்பை வரிவரியாக எடுத்துப் பார்ப்போம்.

"ஆமைகளைக் கொல்வது மீனவர்கள்"

ஆமைக்குச் செவுள் கிடையாது, நுரையீரல்தான். மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். ஜனவரியிலிருந்து ஏப்ரல்வரை முட்டையிட வரும் பங்குனி ஆமைகள் கரையோரக் கடலில் கூடித் திரிகின்றன. நல்ல விலை போகும் இறாலும் அதே கரையோரத்தில்தான் கிடைக்கிறது. இறாலுக்காக மடியை அடித்தரையில் இறக்கி, விசைப்படகில் கட்டி மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டு போகிறார்கள். அந்த மடிக்குள் போன ஆமைக்கு, மடியை மேலே தூக்கும்வரை வெளியே வர வழியில்லை. தூக்கும்போது அது பெரும்பாலும் பிணமாகத்தான் வரும்.

இங்கே கொலைக் கருவி இழுவை மடி. கட்டுமரத்திலும் ஃபைபர் படகிலும் போய் வலை விரித்து, விடிவதற்குள் எடுத்துக்கொண்டு திரும்புபவரிடம் அந்த மடி இல்லை. அவரும் விசைப்படகு முதலாளியும், அந்தப் படகில் பங்குக்குப் போகும் கூலி ஆளும் செய்வது ஒரே தொழில் என்று நாம் நினைக்கிறோம். கடற்கரையில் யாரும் அப்படி நினைப்பதில்லை. விசைப்படகுக்காரருக்கும் நாட்டுப்படகுக்காரருக்கும் அரை நூற்றாண்டாக நடக்கும் சண்டை இந்த மடியைப் பற்றியதுதான்.

இந்த மடி எப்படி வந்தது என்பதையும் கேட்க வேண்டும். எந்தக் குப்பத்திலும் மீனவர் மனுக்கொடுத்து அது வரவில்லை. 1952-ல் கையெழுத்தான இந்திய-நார்வே திட்டம் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் இயந்திரப் படகுகளைக் கொண்டுவந்தது. உணவுக்கு மீன் பெருக்குவதும் மீனவர் வாழ்க்கையை உயர்த்துவதும்தான் அப்போது சொன்ன நோக்கம். பின்னர் இறாலுக்கு வெளிநாட்டில் விலை இருப்பது தெரிந்தது. அந்நியச் செலாவணி தேடிய அரசுகள் கடனும் மானியமும் கொடுத்து இழுவைப் படகுகளைப் பெருக்கின. தமிழ்நாடும் அதே வழியில் போனது. கடலடியை வாரி எடுக்கும் முறை ஒரு வளர்ச்சித் திட்டமாகத்தான் நம் கடலுக்குள் இறங்கியது.

அதை முதலில் எதிர்த்தவர்கள் சூழலியலாளர்கள் இல்லை. 1970களின் பிற்பகுதியில், விரித்த வலைகளை இழுவைப் படகுகள் அறுத்துக்கொண்டு போவதைப் பொறுக்காத சிறுதொழில் மீனவர்கள் சென்னையிலும் கோவாவிலும் கேரளத்திலும் கிளர்ந்தார்கள். படகுகள் எரிந்தன, உயிர்களும் போயின. 1978-ல் கட்டுமரம், நாட்டுப்படகு மீனவர்களுக்கென்று தேசிய அளவில் ஓர் அமைப்பே உருவானது. அந்தப் போராட்டங்களின் அழுத்தத்தில்தான் கேரளமும் கோவாவும் 1980-ல் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தன. தமிழ்நாட்டில் 1983-ல் வந்தது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்ற இன்றைய விதி இந்த வழியில் வந்ததுதான். ஆமைகள் கூடும் கடலும் பெரும்பாலும் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. விதியை நடைமுறைப்படுத்தினாலே ஆமைச் சாவில் பெரும்பகுதி நிற்கும். அதை நடைமுறைப்படுத்தச் சொல்லி ஆண்டுதோறும் மனுக்கொடுப்பவர்கள் நாம் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் அதே சிறுதொழில் மீனவர்கள்தான்.

"மீனவருக்கு மீனைத் தவிர எதுவும் கண்ணில் படாது"

குஜராத்தின் வேராவல் கடற்கரைக்குப் போவோம். 1990களில் அங்கே திமிங்கலச் சுறாக்களை நூற்றுக்கணக்கில் வேட்டையாடினார்கள். ஈரல் எண்ணெய் படகுக்குப் பூசப் பயன்பட்டது, இறைச்சி வெளிநாட்டுக்குப் போனது. உலகிலேயே பெரிய மீன் அது. மனிதருக்கு ஒரு தீங்கும் செய்யாதது. மைக் பாண்டே எடுத்த ஆவணப்படம் அந்தக் கொலையை வெளியே காட்டியது. 2001-ல் திமிங்கலச் சுறா வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தது. ஆனால் கடலுக்குள் மாற்றம் தொடங்கியது 2004-க்குப் பிறகுதான். இந்திய வனவிலங்கு அறக்கட்டளை, குஜராத் வனத்துறை, டாடா கெமிக்கல்ஸ் மூன்றும் சேர்ந்து நடத்திய இயக்கத்தில் கதாகாலட்சேபம் செய்யும் மொராரி பாபுவும் சேர்ந்தார். குட்டி போட வரும் இந்தச் சுறா, பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள், அவளை வெட்டுவோமா என்று அவர் மீனவர்களிடம் கேட்டார். குஜராத்திக் குடும்பங்களில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் இருக்க முடியும்.

அந்தப் பேச்சோடு நிறுத்தியிருந்தால் அது மேடையோடு முடிந்திருக்கும். சுறாவை விடுவிக்க வலையை அறுக்க வேண்டும். அறுத்த வலைக்கு 25,000 ரூபாய்வரை ஈடு கொடுக்க வனத்துறை ஏற்பாடு செய்தது. விடுவித்ததற்குச் சான்றாகப் படகிலேயே படமெடுக்க மீனவர்களுக்குக் கேமராவும் கொடுத்தார்கள். இதுவரை தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட திமிங்கலச் சுறாக்களை அந்த மீனவர்கள் தங்கள் கையால் வலையை அறுத்து விட்டிருக்கிறார்கள். வேட்டையாடிய அதே ஊர்கள், அதே குடும்பங்கள். மாறியவை இரண்டு: அவர்களிடம் பேசிய முறை, நட்டத்தை யார் சுமப்பது என்பதற்கான விடை.

நம் பாக் நீரிணைக்கும் வருவோம். ஆவுளியா கடற்புல் மேயும் பாலூட்டி. வளர்ந்த ஆவுளியா ஒரு நாளைக்கு 30 முதல் 40 கிலோ புல் தின்னும். இந்தியக் கடலில் இப்போது சில நூறுதான் எஞ்சியிருக்கின்றன. ஒரு காலத்தில் ராமநாதபுரம் கடற்கரையில் அது கறியாக விற்றது, அதை மறைக்க வேண்டியதில்லை. இன்று தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரக் கிராமங்களில் வலையில் சிக்கிய ஆவுளியாவை உயிரோடு விடும் செய்திகள் மீண்டும் மீண்டும் வருகின்றன. வனத்துறை அவர்களை மேடையேற்றிப் பரிசு கொடுக்கிறது. 2022 செப்டம்பரில் அதிராம்பட்டினத்துக்கும் அம்மாபட்டினத்துக்கும் இடையே 448 சதுர கிலோமீட்டர் கடலை நாட்டின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது. கரையில் கேட்க ஆள் இல்லாமல், வலையில் சிக்கியதை அவிழ்த்துவிடக் கை இல்லாமல், அந்த அறிவிப்பு காகிதத்தில்தான் இருந்திருக்கும்.

இன்னொரு செய்தி நம்மில் பலருக்குப் புதிதாக இருக்கலாம். இழுவை மடிக்குள் போன ஆமை தப்பி வெளியேற வழிசெய்யும் சட்டகத்துக்கு ஆமை விலக்குக் கருவி என்று பெயர். சாய்த்துப் பொருத்திய கம்பிகளின் இடையே இறால் பின்னால் போய்விடும். ஆமை கம்பியில் முட்டி மேலே ஒரு திறப்பு வழியாக வெளியேறும். இதன் மூலவடிவத்தைச் செய்தவர் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த சிங்கி பூன் என்ற இறால் மீனவர். மடியை அடைத்துக்கொள்ளும் சொறிமீன்களைத் தவிர்க்க 1960களின் இறுதியில் அவர் அதைத் தன் கையால் செய்தார். அது ஆமையையும் காப்பாற்றும் என்பதை அறிவியலாளர்கள் அதற்குப் பிறகுதான் எடுத்துக்கொண்டார்கள்.

"கடுமையான சட்டம் இருந்தால் போதும்"

2001-ல் ஒன்றிய அரசு கடுமையான சட்டத்தைத்தான் போட்டுப் பார்த்தது. அந்த ஜூலையில் சுறா, திருக்கை இனங்கள் அத்தனையையும் கடல் அட்டை இனங்கள் அத்தனையையும் ஒரே வீச்சில் முதல் அட்டவணையில் சேர்த்தது. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. எந்தச் சுறா அருகிவருகிறது, எது பெருவாரியாகக் கிடைக்கிறது என்ற பிரிப்பு இல்லை. மீனவர்கள் கொதித்தார்கள். டிசம்பருக்குள் சுறா, திருக்கைப் பட்டியல் பத்து இனங்களாகச் சுருங்கியது. பட்டியலிடும் முன் கடற்கரையில் கேட்டிருந்தால் அந்த ஐந்து மாதக் குழப்பம் இருந்திருக்காது. உண்மையில் அருகிவந்த இனங்களுக்கும் சட்டத்தின் மதிப்பு குறைந்திருக்காது.

கடல் அட்டைக்கான தடை அப்படியே நின்றது. கால் நூற்றாண்டாகியும் மண்டபம், ராமேசுவரம், தூத்துக்குடிப் பக்கம் அட்டை மூட்டை பிடிபட்டதாகச் செய்தி வராத மாதம் அரிது. எதிர்க்கரையில், இலங்கையில், உரிமம் பெற்று அட்டை பிடிக்கலாம். யாழ்ப்பாணம், மன்னார்ப் பகுதிகளில் அட்டைப் பண்ணைகளும் இருக்கின்றன. ஒரு நீரிணையின் ஒரு கரையில் குற்றமாகவும் மறுகரையில் தொழிலாகவும் இருக்கும் பொருள் எந்தப் பக்கம் ஓடும் என்பதைச் சொல்ல நிபுணர் வேண்டியதில்லை. தடையால் அட்டை காப்பாற்றப்பட்டது என்பதைவிட, அட்டை வணிகம் கடத்தல்காரர் கைக்குப் போனது என்பதுதான் பொருத்தம். அட்டை பிடித்துப் பிழைத்துவந்த சங்கு குளிப்போர் வழக்குகளில் சிக்கினார்கள்.

கடுமை மட்டும் உள்ள சட்டத்துக்கு இன்னொரு விளைவும் உண்டு. முதல் அட்டவணை உயிரினம் ஒன்று தற்செயலாக வலையில் சிக்கிச் செத்துவிட்டால், கரைக்குக் கொண்டுவந்து சொல்ல மீனவர் பயப்படுகிறார். வழக்கு வரும், படகு போகும் என்று கடலிலேயே விட்டுவிட்டு வருவதுதான் அவருக்குப் பாதுகாப்பு. அப்போது எது எங்கே எத்தனை செத்தது என்பது ஆய்வாளருக்குத் தெரியாமல் போகிறது. கடலின் நிலவரத்தைத் தினமும் பார்க்கும் ஒரே கண்ணைச் சட்டம் கட்டிவிடுகிறது.

மாறாக, கடலில் வேலைசெய்வோர் சேர்ந்து ஒத்துக்கொண்ட விதிகள் எப்படி நிற்கின்றன என்று பாருங்கள். கேரளத்தில் மழைக்கால இழுவைத் தடை 1988-ல் வந்தது. பட்டினிப் போராட்டம் இருந்து அதைப் பெற்றவர்கள் சிறுதொழில் மீனவர்கள். நம் கிழக்குக் கரையில் இன்று ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் இருக்கிறது. ராமநாதபுரம் கடலில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு மற்ற நாட்கள் என்ற ஏற்பாடு, மோதல்களுக்குப் பிறகு பேசி முடிவானது. மீறல்கள் உண்டு, ஆனாலும் பல பத்தாண்டுகளாக அது நிற்கிறது. மீன் கூட்டத்தையே வளைத்துப் பிடிக்கும் சுருக்குமடியைத் தமிழ்நாடு 2000-ல் தடைசெய்தபோது அதற்குப் பின்னால் நின்றதும் நாட்டுப்படகு மீனவர்கள்தான். 2023-ல் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால், வாரம் இரண்டு நாள் என்ற வரம்போடு இடைக்கால அனுமதி தந்தபோது கரையில் கவலைப்பட்டவர்களும் அவர்களே.

மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கும் பெண்களின் கதை இதில் தனி. மரிக்கொழுந்துப் பாசியும் கட்டைக்கோரையும் பறிக்கத் தீவுகளைச் சுற்றி முங்கி எழும் இவர்களை, தேசியப் பூங்கா எல்லைக்குள் வந்தவர்கள் என்று வனத்துறை பலகாலம் விரட்டியது. அவர்கள் சங்கமாகக் கூடித் தங்களுக்குத் தாங்களே விதி வகுத்துக்கொண்டார்கள்: மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டும் இறங்குவது, இரும்பால் சுரண்டாமல் கையால் மட்டும் பறிப்பது. வேரை விட்டுவைத்தால் பாசி திரும்ப வளரும் என்பது அவர்களுக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொன்ன பாடம் இல்லை. அவர்களுடைய தலைவிகளில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015-ல் சீகாலஜி என்ற பன்னாட்டு அமைப்பின் விருது கிடைத்தது. நாம் அத்துமீறியவர் என்று பார்த்தவரை உலகம் காவலர் என்று கண்டது.

"மனிதக் கை படாவிட்டால் கடல் தானே தேறிவிடும்"

மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986-ல் அறிவிக்கப்பட்டது. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள், அவற்றைச் சுற்றிய பவளப்பாறைகள். அவற்றில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று நீருக்குள் மூழ்கிக்கிடக்கின்றன. பல்லாண்டுகளாகப் பவளத்தை வெட்டி எடுத்ததை ஆய்வாளர்கள் முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். வெட்டிய கை உள்ளூர்க் கைதான். ஆனால் வாங்கியது சுண்ணாம்பு தேவைப்பட்ட ஆலைகள். கைக்கு வழக்குப் போட்டோம், ஆலையை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

2010-லும் 2016-லும் அதே பாறைகள் கடல்நீர் சூடேறி வெளுத்தன. பவளத்துக்கு உணவு தரும் நுண்பாசிகளை அது வெப்பம் தாளாமல் வெளியே தள்ளிவிடும். சூடு நீடித்தால் பவளம் பட்டினியில் சாகும். அந்தச் சூட்டை ஏற்றியதில் நாட்டுப்படகின் பங்கு எவ்வளவு இருக்கும்? பூங்காவின் எல்லைக் கல்லுக்கு வெப்பத்தை நிறுத்தத் தெரியாது.

குருசடைத் தீவின் கதை இன்னும் நேரடியானது. கப்பாபைகஸ் என்ற அயல்நாட்டுப் பாசியை வளர்க்கும் நுட்பத்தை மண்டபத்தில் உள்ள அரசு ஆய்வு மையம் 1990களில் கொண்டுவந்தது. பின்னர் ஒரு பன்னாட்டுக் குளிர்பான நிறுவனம் வணிக வளர்ப்பில் இறங்கியது. 2008-ல் அந்தப் பாசி குருசடைத் தீவில் உயிருள்ள பவளத்தின்மேல் படர்ந்து மூடிக்கொண்டிருப்பதை ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். ஆய்வகமும் நிறுவனமும் சேர்ந்து கொண்டுவந்த வாழ்வாதாரத் திட்டம், பூங்காவுக்குள் எந்த வலையும் செய்யாததைச் செய்தது.

2021-ல் கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்து மூழ்கியது. அதிலிருந்து சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் குருணை கடலில் கலந்தது. அடுத்த வாரங்களில் இலங்கைக் கரையில் ஆமைகளும் ஓங்கில்களும் செத்து ஒதுங்கின. மீன்பிடிக்கப் போகக் கூடாது என்று தடை விதிக்கப்பட்டதும் அங்குள்ள மீனவர்களுக்குத்தான். 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் மூழ்கியபோது அதே வகைக் குருணை கன்னியாகுமரிக் கரைவரை வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கொசஸ்தலை ஆற்றில் இறங்கி எண்ணூர்க் கழிமுகத்தை மூடியது. கூழைக்கடாக்களின் சிறகில் எண்ணெய் அப்பியது. வாளியும் குவளையும் கொண்டு அதை அள்ளிக்கொண்டிருந்தவர்கள் எண்ணூர்க் குப்பத்து மீனவர்கள். துறைமுகமும் அனல்மின் சாம்பலும் ஆலைக் கழிவும் இருக்கும் இடத்தில் மீனவரை வெளியேற்றினால் வெளியேறுவது சாட்சி மட்டும்தான்.

"விழிப்புணர்வு வந்துவிட்டால் எல்லாம் சரியாகும்"

விழிப்புணர்வுக்கு எதிராக எனக்கு ஒன்றும் இல்லை. சென்னையில் 1970களில் பாம்புப் பண்ணையைச் சேர்ந்தவர்கள் தொடங்கிய ஆமை நடையை 1988 முதல் மாணவர் அமைப்பு தொடர்கிறது. இரவெல்லாம் மணலில் நடந்து முட்டைகளை எடுத்துக் காப்பிடத்தில் புதைத்து, குஞ்சு பொரித்ததும் கடலில் விடும் அந்த இளைஞர்களின் உழைப்பை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் அவர்களே சொல்லும் ஒரு தொல்லை இருக்கிறது: வெளிச்சம். பொரித்து வரும் குஞ்சு, இருளில் மினுங்கும் கடலை நோக்கி நடக்கும் இயல்புடையது. கடற்கரைச் சாலையின் மின்விளக்கும் வீடுகளின் விளக்கும் உணவகங்களின் விளக்கும் அதைத் திசைமாற்றி ரோட்டுப் பக்கம் இழுக்கின்றன. அந்த விளக்குகளைப் போட்டது எந்தக் குப்பமும் இல்லை. கடற்கரைக் காட்சிக்காகவே வீடு வாங்கி, ஆமைப் படத்தைப் பகிரும் நாம்தான் போட்டோம்.

தட்டில் இருப்பதையும் பார்க்கலாம். நகரத்து உணவகங்களில் சுறாப்புட்டுக்கு என்றும் கிராக்கி உண்டு. புட்டுக்குக் குட்டிச் சுறாதான் நல்லது என்பார்கள். மெதுவாக வளர்ந்து, குறைவாகக் குட்டி போடும் இனத்தின் குட்டியைத்தான் நாம் தேடிக் கேட்கிறோம். 2021-ல் வெளியான ஓர் ஆய்வு, திறந்த பெருங்கடல்களின் சுறா, திருக்கைகள் 1970-லிருந்து 71 சதவீதம் குறைந்திருப்பதாகக் கணக்கிட்டது. இறாலுக்கும் இதே கணக்குதான். ஆமையைக் கொல்லும் மடி இறாலுக்காகத்தான் இறங்குகிறது. இறாலுக்கு விலை கொடுப்பவர் அந்த மடியின் கயிற்றில் ஒரு முனையைப் பிடித்திருக்கிறார்.

மீனே சாப்பிடாதவருக்கும் இதில் பங்கு இருக்கிறது. இழுவை மடியில் இறாலோடு வாரிவரும் குஞ்சு மீன்கள், நண்டு, சிப்பி, பெயரில்லாத கலவை எல்லாவற்றையும் ராமேசுவரம் பக்கம் சங்காயம் என்பார்கள். முன்பு கடலிலேயே கொட்டிவிட்டு வந்ததை இப்போது கரைக்குக் கொண்டுவருகிறார்கள், ஏனென்றால் மீன்தூள் ஆலைகள் வாங்குகின்றன. அது கோழித் தீவனமாகவும் பண்ணை இறாலின் தீவனமாகவும் போகிறது. இறால் கிடைக்காத நாளிலும் டீசல் செலவை ஈடுகட்டும் அளவுக்குச் சங்காயத்துக்கு விலை இருக்கும்வரை விசைப்படகு கடலுக்குப் போகும். ஒரு நகரத்துக் காலை உணவு முட்டைக்குள்ளும் கடலடி வாரல் இருக்கிறது. விழிப்புணர்வு என்பது மீனவருக்கு ஊட்ட வேண்டிய மருந்து என்று நினைத்துக்கொண்டிருந்தோம். முதல் வேளை நமக்குத்தான் தேவை.

எதிர்த்தரப்பின் உண்மை

மீனவர் எல்லாரும் கடலின் காவல் தெய்வங்கள் என்று நான் சொல்லவில்லை. திருக்கைக்காக அடியில் விரிக்கும் பெருங்கண் வலையில் ஆமைகள் சிக்கிச் சாகின்றன. அது நாட்டுப்படகின் வலைதான். அறுந்து, கைவிடப்பட்டுக் கடலில் மிதக்கும் வலைகள் மாதக்கணக்கில் உயிர்களைக் கொல்கின்றன. தோட்டா போட்டு மீன்பிடிக்கும் கொடுமை சில இடங்களில் இன்னும் முழுதாக ஒழியவில்லை. அட்டை கடத்துவோரில் ஊர்க்காரர்களும் உண்டு. 5 கடல் மைலுக்குள் இரவில் விளக்கை அணைத்துக்கொண்டு மடி இழுக்கும் விசைப்படகுகளையும் மீனவர்தான் ஓட்டுகிறார்.

இவை எல்லாம் உண்மை, இவற்றுக்குத் தண்டனையும் வேண்டும். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட கருவி, ஒரு குறிப்பிட்ட இடம், ஒரு குறிப்பிட்ட காலம், அதற்குப் பின்னால் ஒரு குறிப்பிட்ட விலை. அவற்றைத் தனித்தனியாகப் பிடித்தால் நிறுத்த முடியும். ஒரு சமூகத்தையே மொத்தமாகக் குற்றவாளி என்றால் ஒன்றையும் நிறுத்த முடியாது. தவறு செய்தவரும் செய்யாதவரும் ஒரே பக்கம் சேர்ந்து நின்றுவிடுவார்கள். அந்த ஒற்றுமையை உண்டாக்கிக் கொடுப்பது நம் கோபம்தான்.

அப்படியானால் என்ன செய்வது?

முதலில், ஜனவரி முதல் ஏப்ரல்வரை ஆமை கூடும் கடலில் 5 கடல் மைல் விதியைச் சொன்னபடி நடத்த வேண்டும். அதற்குக் கடலில் ரோந்துப் படகு வேண்டும், மீறிய படகின்மீது விலக்கில்லாத நடவடிக்கை வேண்டும். எந்தப் படகு எங்கே இழுக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்பவர் பக்கத்தில் வலை விரித்திருக்கும் நாட்டுப்படகுக்காரர். அவர் சொல்வதைப் பதிவுசெய்யவும், சொன்னவரைப் பாதுகாக்கவும் ஒரு வழி வேண்டும்.

இரண்டாவது, ஆமை விலக்குக் கருவி. இது வெறும் சூழலியல் ஆசை இல்லை. ஆமை விலக்குக் கருவி இல்லாத நாடுகளின் கடல் இறாலை வாங்க மாட்டேன் என்று 1989-ல் சட்டம் செய்த அமெரிக்காவை எதிர்த்து, இந்தியா உட்பட நான்கு நாடுகள் உலக வணிக அமைப்புவரை போயின. 1998-ல் வந்த தீர்ப்பு அந்தச் சட்டத்தைச் செயல்படுத்திய விதத்தில் குறை கண்டது. ஆமையைக் காக்கும் நோக்கத்தைத் தள்ளவில்லை. பின்னாளில் இந்தியக் கடல் இறாலுக்கு அமெரிக்கச் சந்தை அடைபட்டபோது நட்டம் மீனவருக்கும் ஏற்றுமதியாளருக்கும்தான் வந்தது. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், திறப்பு வழியாக நழுவும் மீனைக் குறைக்கும் விதமாக நம் படகுகளுக்கென்றே ஒரு வடிவத்தைச் செய்திருக்கிறது. "ஓட்டை வழியே மீன் போய்விடும்" என்ற மீனவரின் பயத்தைப் பிடிவாதம் என்று தள்ளாமல், தொடக்க ஆண்டுகளின் நட்டத்தை அரசு ஈடுகட்டினால் கருவி மடியில் ஏறும். மடியைக் கொண்டுவரக் கொடுத்த மானியத்தில் ஒரு பங்கு இதற்கும் கொடுக்கலாம்.

மூன்றாவது, வேராவலில் செய்ததை இங்கும் செய்வது. ஆமைக்கோ ஆவுளியாவுக்கோ அறுத்த வலைக்கு உடனே, அலைக்கழிக்காமல் ஈடு. தற்செயலாகச் செத்ததைக் கொண்டுவந்து சொல்பவருக்கு வழக்கு இல்லை என்ற உறுதி.

நான்காவது, கடல் சார்ந்த எந்தப் பாதுகாப்பு அறிவிப்பும் கரையூர்க் கூட்டத்தில் பேசி முடிவாக வேண்டும். வனவிலங்குச் சட்டம் பாதுகாப்பகம் என்ற வகையிலேயே உள்ளூர் மக்களைக் கேட்க வேண்டும் என்கிறது. கடற்பசுப் பாதுகாப்பகத்தில் அதைப் பின்பற்றினார்கள். தேசியப் பூங்காவிலும் அதையே வழக்கமாக்கினால் பாசிக்காரப் பெண்களும் வனக்காவலரும் ஒருவரையொருவர் துரத்த வேண்டியிருக்காது.

கடைசியாக, ஆமைப் படத்தைப் பகிரும்போது கூடவே ஒரு கேள்வியையும் பகிரலாம்: அந்த இரவில் 5 கடல் மைலுக்குள் எத்தனை விசைப்படகுகள் இருந்தன, அவற்றில் எத்தனை மீது நடவடிக்கை எடுத்தீர்கள்? இந்தக் கேள்வியை மீன்வளத் துறையிடம் கேட்கலாம், சட்டமன்ற உறுப்பினரிடம் கேட்கலாம். குப்பத்து மீனவர் இதை நாற்பது ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார், யாரும் காதில் வாங்கவில்லை. நகரமும் சேர்ந்து கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டிய நிலை வரும்.